கண்ணால் கண்டது எனக்குச் சொந்தமா?



"தம்பி, கையில போன் வச்சிருக்கியா?"

போன வருஷம் எங்கள் ஊர் அம்மன் கோயில் ஆடித் திருவிழாவில் என் அத்தை என்னிடம் கேட்ட கேள்வி இது. கோபமாகக் கேட்கவில்லை. மழை வருமா என்று கேட்பதுபோல சாதாரணமாகத்தான் கேட்டார். "இருக்கு அத்தை" என்று எடுத்துக் காட்டினேன். தலையை ஆட்டிவிட்டு, கூட்டத்தின் பின்வரிசைக்குப் போய் ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். உறுமி மேளம் அடித்தபோது கண்களை மூடி, தூணை இறுக்கப் பிடித்துக்கொண்டார். பதினைந்து வருஷமாக முன்வரிசையில் பால்குடம் எடுத்தவர் அவர்.

அந்தத் தூணுக்குப் பின்னால் அவரை நிறுத்தியது நான்தான். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

அதற்கு முந்தின வருஷம் நான் முதலாம் ஆண்டு பொறியியல் மாணவன். விடுமுறையில் பேராவில் இருக்கும் எங்கள் ஊருக்குத் திரும்பியிருந்தேன். பால்குடம் கோயில் வாசலை நெருங்கும்போது அத்தைக்கு அருள் வந்தது. உறுமி சத்தம், வேப்பிலை, மஞ்சள் தண்ணீர், சுற்றிலும் "தாயே" என்ற குரல். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. உண்மையாகவே சிலிர்த்தது. உடனே போனை எடுத்தேன். 40 விநாடி. "எங்க அத்தை, எங்க அம்மன்" என்று தலைப்புப் போட்டு, எல்லாரும் பயன்படுத்தும் ஒரு குறுங்காணொளிச் செயலியில் ஏற்றிவிட்டேன்.

முதல் நாள் ராத்திரி முழுக்க கைகூப்பும் சின்னங்கள்தான் வந்தன. பெருமையாக இருந்தது. மூன்றாம் நாள் யாரோ அதை இறக்கி, வெட்டி, ஒரு நகைச்சுவைப் பாட்டைப் பின்னணியில் போட்டு மறுபடி ஏற்றினார்கள். ஒரு வாரத்தில் அத்தையின் முகம் வாட்சாப் ஸ்டிக்கர் ஆகிவிட்டது. யாராவது ஆவேசமாகப் பேசினால், பதிலுக்கு அந்த ஸ்டிக்கரைப் போடுவார்கள்.

இனி சொல்லப்போவது எனக்கு வெட்கமான விஷயம். பல்கலைக்கழகத்தில் எங்கள் வகுப்புக் குழுவிலும் அந்த ஸ்டிக்கர் வந்தது. போட்ட பையனுக்கு அது யார் என்று தெரியாது. நான்கு பேர் சிரித்தார்கள். 'என் அத்தைடா அது' என்று நான் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. நானும் ஒரு சிரிப்பு முகத்தைப் போட்டேன்.

இரண்டு நாள் கழித்து அத்தை போன் பண்ணினார். "தம்பி, நீ போட்ட அந்த வீடியோவ எடுத்துடுறியாப்பா? பெரிசா ஒண்ணும் இல்ல. வேலையிடத்துல கொஞ்சம் ஒரு மாதிரியா பேசுறாங்க." அவர் வேலை செய்வது ஒரு மின்னணுத் தொழிற்சாலையில். பக்கத்து வரிசையில் இருப்பவர்கள் ஓய்வு நேரத்தில் அதைப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். நான் உடனே எடுத்துவிட்டேன். ஆனால் நான் எடுத்தது என்னுடைய பிரதியை மட்டும்தான்.

அப்போது என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்ள மூன்று வாதங்கள் வைத்திருந்தேன். உங்களில் பலரிடமும் அதே மூன்று இருக்கும் என்று நினைக்கிறேன். அதனால் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் வாதம்: "அது பொது இடம். முந்நூறு பேர் பார்த்ததைத்தானே நானும் எடுத்தேன்?"

அந்த முந்நூறு பேர் யார் என்று யோசித்துப் பார்த்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றவர்கள். பலர் விரதம் இருந்தவர்கள். அத்தையின் கணவர் இறந்தபோது சோறு சமைத்துக் கொண்டுவந்தவர்களும் அதில் உண்டு. அவர்கள் பார்த்த அத்தை வேறு. பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போகிறவன் பார்த்த அத்தை வேறு. ஹெலன் நிசென்பாம் என்ற பேராசிரியர் 2004-இல் இதைப் பற்றி ஒரு முக்கியமான கட்டுரை எழுதினார். அவர் கருத்தை என் வார்த்தையில் சொல்கிறேன்: தனியுரிமை என்றால் எதையும் யாருக்கும் சொல்லாமல் பூட்டி வைப்பது அல்ல, ஒரு தகவல் எந்தச் சூழலில் பிறந்ததோ, அந்தச் சூழலின் முறைப்படி அது நகர வேண்டும். டாக்டரிடம் நாம் நோயைச் சொல்கிறோம். அதே டாக்டர் அதை நம் முதலாளியிடம் சொன்னால் தப்பு. தகவல் ஒன்றுதான், போன இடம்தான் தப்பு. கோயில் வாசலில் நடந்ததை நான் கோயிலுக்கு வெளியே கொண்டுபோய் வைத்தேன். பொது இடம் என்பதால் அது ஊர் சொத்து ஆகிவிடாது.

இரண்டாவது வாதம்: "என் எண்ணம் நல்லதுதானே?"

ஆமாம், நல்ல எண்ணம்தான். ஆனால் பொறியியல் படிக்கிறவனுக்கு இந்த வாதம் கொஞ்சம்கூடப் பொருந்தாது. நல்ல எண்ணத்தோடு கட்டிய பாலம் என்று எந்தப் பேராசிரியரும் மதிப்பெண் கொடுப்பதில்லை. எவ்வளவு சுமை தாங்கும், உடைந்தால் யார் மேல் விழும் என்றுதான் கேட்பார். நான் ஏற்றிய காணொளி என் எண்ணத்தைத் தன்னோடு சுமந்துகொண்டு போகவில்லை. அந்தப் பெருமையும் சிலிர்ப்பும் என்னோடு நின்றுவிட்டன. வெளியே போனது வெறும் 40 விநாடிப் படம். அதற்கு என்ன அர்த்தம் என்று முடிவு பண்ணும் உரிமையை, முகம் தெரியாத ஆயிரம் பேருக்கு நானே கொடுத்தேன்.

மூன்றாவது வாதம்: "வேணாம்னா அழிச்சிடலாமே?"

இதற்குப் பதிலை அனுபவமே கொடுத்துவிட்டது. டிஜிட்டல் கோப்பின் இயல்பே அதுதான்: மூலத்துக்கும் நகலுக்கும் வித்தியாசம் கிடையாது. பழைய புகைப்படத்துக்கு ஒரு நெகட்டிவ் இருந்தது. அதை எரித்தால் புதிதாகப் பிரதி போட முடியாது. இப்போது ஒவ்வொரு நகலும் ஒரு மூலம். 24 மணி நேரத்தில் மறையும் பதிவும் யாராவது ஒருவர் திரைப்பிடிப்பு எடுக்கும்வரைதான் மறையும். அழிக்கும் பொத்தானை நம்பி எதையும் ஏற்றாதீர்கள்.

சரி, மூன்று வாதமும் விழுந்தது. ஆனால் இதை நண்பர்களிடம் சொன்னபோது நான்காவதாக ஒரு கேள்வி வந்தது. "உன் அத்தை என்ன தப்பா பண்ணிட்டாங்க? சாமிதானே வந்துச்சு? மறைக்க ஒண்ணும் இல்லன்னா எதுக்குலா வெட்கப்படணும்?"

இந்தக் கேள்வி என்னை ரொம்ப நாள் தொந்தரவு செய்தது. பதில் கோயிலிலேயே இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை பூசைக்குப் போயிருந்தேன். அலங்காரம் நடந்துகொண்டிருந்தது, கருவறைக்கு முன்னால் திரை போட்டிருந்தார்கள். நாங்கள் எல்லாரும் வெளியே காத்திருந்தோம். மணி அடித்தது, திரை விலகியது, தீபாராதனை. சின்ன வயதிலிருந்து பார்க்கிற காட்சிதான். அன்றுதான் தோன்றியது: அம்மனுக்கு மறைக்க என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. ஆனாலும் திரை போடுகிறோம். அலங்காரத்தின்போதும் நைவேத்தியத்தின்போதும் பார்க்கக் கூடாது என்று நாம் தள்ளி நிற்கிறோம். அது சந்தேகம் இல்லை, மரியாதை. தப்பு செய்தவர்தான் திரை போடுவார் என்று யாரும் சொல்வதில்லை.

தெய்வத்துக்கே திரை போட்டு மரியாதை செய்கிற நாம், தெய்வம் வந்து இறங்கியதாக நம்புகிற ஒரு பெண்ணின் முகத்துக்கு ஒரு திரை போட யோசிக்கவில்லை. அருள் வந்த நேரத்தில் அத்தைக்கு முந்தானை எங்கே என்று தெரியாது, முகம் எப்படி இருக்கிறது என்று தெரியாது. தன்னைக் காத்துக்கொள்ள முடியாத நேரம் அது. அந்த நேரத்தில் அவருக்குத் திரையாக நிற்க வேண்டியது பக்கத்தில் இருந்த நாம்தான். கோயிலில் வயதான பெண்கள் அதைத்தான் செய்தார்கள்: ஒருவர் சேலையைச் சரி செய்தார், ஒருவர் விழாமல் பிடித்துக்கொண்டார். நான் மட்டும் போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

நம் சாத்திரத்தில் இதற்கு ஒரு பெயர் உண்டு. பதஞ்சலி சொல்லும் ஐந்து யமங்களில் மூன்றாவது அஸ்தேயம். பொதுவாகத் 'திருடாமை' என்று மொழிபெயர்ப்போம். கொடுக்கப்படாததை எடுக்காமல் இருப்பது என்று விளக்குவார்கள். அந்த விளக்கம்தான் என்னைக் குத்தியது. நான் அத்தையிடமிருந்து எதையும் 'திருடவில்லை'. ஆனால் அவர் கொடுக்காததை எடுத்தேன். திருவள்ளுவரும் புறங்கூறாமைக்கு ஓர் அதிகாரம், கள்ளாமைக்கு ஓர் அதிகாரம் என்று தனித்தனியாக வைத்தார். இன்றைக்கு ஒரே ஒரு விரல் தட்டலில் இரண்டையும் சேர்த்துச் செய்துவிட முடிகிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் தேடிப் பார்த்தேன். மலேசியாவில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இல் இயற்றப்பட்டு, 2013 நவம்பர் 15-இல் அமலுக்கு வந்தது. ஆனால் அது வணிகப் பரிவர்த்தனைகளுக்கான சட்டம். ஒரு தனிமனிதர் தன் சொந்த, குடும்ப, பொழுதுபோக்குக் காரியங்களுக்காகத் தரவுகளைக் கையாள்வதற்கு அதில் விலக்கு இருக்கிறது. அதாவது ஒரு நிறுவனம் அத்தையின் விவரங்களை எப்படி வைத்திருக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லும். அண்ணன் மகன் அத்தையை எப்படி நடத்த வேண்டும் என்று சொல்லாது. அதைத் தர்மத்திடம் விட்டுவிட்டது.

இதுவரை மற்றவர்களைப் பற்றிப் பேசினேன். நம்மைப் பற்றியும் பேச வேண்டும். தன் எல்லையைக் காக்கத் தெரியாதவனுக்கு அடுத்தவர் எல்லையும் கண்ணில் படாது என்பது என் அனுபவம்.

ஒரு சின்னக் கணக்கு. நம் அடையாள அட்டை எண்ணில் 12 இலக்கங்கள். முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த மாநிலம். பேராவுக்கு 08, சிலாங்கூருக்கு 10. கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. இப்போது ஒரு பிறந்தநாள் பதிவை நினைத்துப் பாருங்கள்: கேக்கில் '21' என்று மெழுகுவர்த்தி, பதிவுக்கு ஒரு தேதி, "ஈப்போவில் பிறந்த எங்கள் தங்கத்துக்கு" என்று மாமாவின் வாழ்த்து. 12 இலக்கத்தில் 8 தெரிந்துவிட்டது. யாரும் எதையும் உடைக்கவில்லை, ஊடுருவவில்லை. நாம் அன்போடு கொடுத்தோம்.

துண்டு துண்டாகப் போனால் ஆபத்தில்லை என்று நினைக்க வேண்டாம். 1990-களில் லத்தான்யா ஸ்வீனி என்ற எம்.ஐ.டி மாணவி, மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பெயர் நீக்கி வெளியிடப்பட்ட மருத்துவப் பதிவுகளை எடுத்துக்கொண்டார். 20 டாலருக்கு ஒரு வாக்காளர் பட்டியல் வாங்கினார். இரண்டையும் பொருத்தி, அந்த மாநில ஆளுநரின் மருத்துவப் பதிவையே கண்டுபிடித்துக் காட்டினார். பிறந்த தேதி, பால், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றை மட்டும் வைத்து அமெரிக்கர்களில் 87 விழுக்காட்டினரைத் தனித்து அடையாளம் காண முடியும் என்று பிறகு கணக்கிட்டார். ஒவ்வொரு துண்டும் சாதாரணமானது. சேர்த்து வைத்தால்தான் அது ஒரு ஆள்.

"எப்படியும் எல்லாம் கசிஞ்சிடுச்சு, இனிமே பார்த்து என்ன லாபம்?" என்று சிலர் கேட்பார்கள். அதிலும் நியாயம் உண்டு. 2017 அக்டோபரில் நம் நாட்டில் 46.2 மில்லியன் கைப்பேசி எண்களின் விவரங்கள் கசிந்த செய்தி வெளியானது. நாட்டின் மக்கள்தொகையே அப்போது சுமார் 32 மில்லியன்தான். அது நம் கையில் இல்லாத கசிவு. ஆனால் ஊரில் திருடன் இருக்கிறான் என்பதற்காக யாரும் கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்குவதில்லை. மோசடிக்காரன் அழைக்கும்போது அவன் கையில் நம்பர் மட்டும் இருப்பதற்கும், நம் தாத்தா பெயர், கோயில், படிக்கும் இடம் எல்லாம் இருப்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. நம்பர் யாரோ கொடுத்தது. மீதியெல்லாம் பெரும்பாலும் நாம் கொடுத்தது.

எதிர்த்தரப்பையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். எங்கள் கோயில் இளைஞர் பிரிவில் இருக்கும் ஒரு அண்ணன் கேட்டார்: "அப்போ எதையும் எடுக்கக் கூடாதா? படுத்த படுக்கையா இருக்கிற பாட்டிங்க எப்படித் திருவிழா பார்ப்பாங்க?" சரியான கேள்வி. 2021 தைப்பூசம் நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் வந்தது. எங்கள் வீட்டில் எல்லாரும் குளித்து, விளக்கேற்றி, நேரலையின் முன்னால் உட்கார்ந்தோம். பாட்டி திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதைத் தப்பு என்று நான் எப்படிச் சொல்வேன்? அதேபோல, யாராவது ஒருவரை அடிக்கிறார்கள், ஏமாற்றுகிறார்கள் என்றால் பதிவு செய்வது கடமையாகவும் ஆகலாம்.

அதனால் கேமராவே கூடாது என்று நான் சொல்லவில்லை. படம் எடுப்பது ஒரு செயல், வெளியிடுவது வேறொரு செயல் என்று பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன். தேரையும் கோபுரத்தையும் அலங்காரத்தையும் எடுப்பது வேறு. ஒரு மனிதர் தன்னை மறந்திருக்கும் நேரத்தை எடுப்பது வேறு. இரண்டுக்கும் நடுவில் நான் இப்போது ஒரு கேள்வியை வைத்திருக்கிறேன்: இது யாருடைய நன்மைக்கு? பதில் "எனக்கு லைக் வரும்" என்பதைத் தவிர வேறு ஒன்றும் இல்லையென்றால், போன் பைக்குள் போய்விடும்.

இப்போது நான் கடைப்பிடிக்கும் சில பழக்கங்களைச் சொல்கிறேன். பெரிய தத்துவம் இல்லை, சாதாரணப் பொது அறிவுதான்.

அருள் வந்தவர், அழுபவர், நோயாளி, துக்க வீட்டில் இருப்பவர், குழந்தை: இவர்கள் முகத்தை நான் வெளியிடுவதில்லை. மற்றவர்கள் படம் என்றால் கேட்டுவிட்டுப் போடுகிறேன். 'வேண்டாம்' என்றால் ஏன் என்று கேட்பதில்லை.

ஓர் இடத்தில் எடுத்த படத்தை அங்கிருந்து கிளம்பிய பிறகுதான் போடுகிறேன். குடும்பமே பினாங்குக்குப் போயிருக்கிறது என்பது வீடு காலியாக இருக்கிறது என்பதற்கான அறிவிப்பும்தான். கேமராவில் இட விவரம் பதிவாகும் அமைப்பை அணைத்து வைத்திருக்கிறேன். இல்லையென்றால் படத்தின் கோப்புக்குள்ளேயே அட்சரேகை, தீர்க்கரேகை உட்கார்ந்திருக்கும்.

அடையாள அட்டையின் நகலைக் கொடுக்க வேண்டி வந்தால், முகமும் எண்ணும் படிக்கிற மாதிரி விட்டு, குறுக்கே இரண்டு கோடு போட்டு, எதற்காக, எந்தத் தேதியில் கொடுத்தேன் என்று எழுதிவிடுகிறேன். வாட்சாப்பில் இரண்டு படிச் சரிபார்ப்பை எனக்கும், அம்மா அப்பாவுக்கும், அத்தைக்கும் நானே போட்டுக் கொடுத்தேன். குறுஞ்செய்தியில் வரும் ஆறு இலக்க எண்ணை மகனே கேட்டாலும் சொல்லாதீர்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே வங்கியையும் 997-ஐயும் அழைக்க வேண்டும் என்று குளிர்பதனப் பெட்டியில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

கடைசியாக, எனக்கு மிகவும் கடினமானது: தெரியாத ஒருவரைக் கேலி செய்யும் ஸ்டிக்கர் குழுவில் வந்தால், நான் சிரிப்பதில்லை. "இது யாரோ ஒருத்தரோட அத்தை" என்று மட்டும் எழுதுகிறேன். சில சமயம் குழு அமைதியாகிவிடும். சில சமயம் என்னையே கிண்டல் பண்ணுவார்கள். பரவாயில்லை. அன்றைக்கு எழுதாமல் விட்ட வரியைத்தான் இப்போது எழுதுகிறேன்.

நண்பர்களே, இதைப் படிக்கும் உங்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கலாம்: அத்தையின் கதையை மறுபடியும் இங்கே சொல்வது மட்டும் சரியா? எனக்கும் வந்தது. அதனால் எழுதி முடித்ததும் அவருக்கு முழுவதையும் படித்துக் காட்டினேன். அந்தச் சிரிப்பு முகத்தைப் பற்றி அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஊர் பேரு போடாத. அந்த ஒரு விஷயத்த மட்டும் எடுத்துடு. மத்தது இருக்கட்டும், நாலு பிள்ளைங்க படிச்சா நல்லதுதான்" என்றார். அவர் சொன்ன அந்தப் பகுதியை எடுத்துவிட்டேன். அது என்ன என்று கேட்காதீர்கள்.

இந்த வருஷம் ஆடித் திருவிழாவுக்குப் போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். அத்தை இந்த முறையும் முன்வரிசைக்கு வரவில்லை. அதே தூணுக்குப் பக்கத்தில்தான் நின்றார். நானும் பக்கத்தில் போய் நின்றேன். என் இரண்டு கையையும் ஒரு முறை பார்த்தார்.

"சும்மாதானே நிக்கிற? இந்தா, இந்தத் தட்டப் பிடி" என்று பூத்தட்டைக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.